ரெக்கார்டைப் பாக்காத, கூட்டத்தைப் பாரு

"இங்க பாருலே மருமவனே" என்று மாமா ஒரு இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். 1987. எனக்கு எட்டு வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பங்குனிப் பொங்கல்.

தட்டு முழுக்க ஒரே கறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாய்த்ததும்தான் கறுப்பிலேயே பல கறுப்பு இருப்பது தெரிந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கண்ணாடிபோல ஒரு மெல்லிய வளையம். பாட்டுக்குள்ளே சத்தம் கூடிய இடங்கள் லேசாக வெளிறியிருந்தன. பாடகர் தனியாக இழுத்துப் பாடும் இடம் கருகருவென்று வழுவழுப்பாக இருந்தது. மாமா சுண்டுவிரல் நகத்தால் தொடாமலே ஓர் இடத்தைக் காட்டினார். "இங்க வச்சா நேரா மேளம் வரும்." ஊசியை இறக்கினார். மேளம் வந்தது.

நான் வாயைப் பிளந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரியில் ஒரு தட்டு விழுந்தது. "ரெக்கார்டைப் பாக்காத. கூட்டத்தைப் பாரு."

மாமா ரேடியோ செட் வைத்திருந்தார். மைக் செட் என்று சொல்கிற ஊர்களும் உண்டு. இரண்டு குழாய், ஓர் அகுஜா ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கே போனாலும் முதலில் தான் உட்காரும் இடத்தைப் பார்ப்பார். பந்தியும் தெரிய வேண்டும், மணவறையும் தெரிய வேண்டும், தெரு முனையும் தெரிய வேண்டும். அந்த மூன்றும் தெரிகிற மூலையில்தான் பெஞ்சைப் போடச் சொல்வார். தெரு முனையில் ஒருவர் துண்டை வீசினால் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று பொருள், பாட்டு மாறும். பந்தி நடக்கும்போது வேகமான பாட்டுப் போட மாட்டார். "சாப்பிடுறவன அவசரப்படுத்தக் கூடாது." பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி விரலை ஆட்டியதும் சட்டென்று ஊசியைத் தூக்கிவிடுவார். அந்த நொடியில் நாகஸ்வரக்காரர்களின் கெட்டிமேளம் மட்டும்தான் கேட்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் தாலி கட்டும் நேரத்தில் சினிமாப் பாட்டு ஒலித்த பழி அவருக்கு வந்து சேரும். ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை.

நான் மதுரையில் டிஜேவாக இருக்கிறேன். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இந்தத் தொழிலின் வரலாற்றை, பழைய பேட்டிகளையும் காணொளிகளையும் தேடித் தேடிப் படித்துப் பார்த்திருக்கிறேன். எங்கே எதைப் படித்தாலும் பிடரியில் விழுந்த அந்தத் தட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, கதவு எண் 1520. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே குடியிருந்த சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கக் காசு சேர்க்க வேண்டும் என்று, குடியிருப்பின் பொது அறையில் ஒரு ஆட்டபாட்ட விருந்து வைக்கிறார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட வந்தவர் அவருடைய அண்ணன் கிளைவ், வயது 18. பின்னாளில் உலகம் அவரை கூல் ஹெர்க் என்று அழைத்தது. ஹிப்ஹாப் பிறந்த இடம் என்று அந்தக் கட்டடத்தைத்தான் இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

ஹெர்க் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அங்கே ஐம்பதுகளிலிருந்தே சவுண்ட் சிஸ்டம் பண்பாடு வேரூன்றியிருந்தது. ஆளுயரப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, ஒருவருக்கொருவர் போட்டியாகப் பாட்டுப் போடுவார்கள். யாரிடமும் இல்லாத ரெக்கார்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் கூட்டம். அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டிவிடுவார்கள், அடுத்தவன் பெயரைப் படித்துவிடக் கூடாது என்று. ஹெர்க்கும் பிராங்ஸில் இதையே செய்திருக்கிறார். தண்ணீரில் ஊறவைத்து லேபிளை எடுத்துவிடு என்று யோசனை சொன்னவர் அவருடைய அப்பா. இதைப் படித்த அன்று எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். கடல் கடந்து போன ஒரு குடும்பம் தொழில் ரகசியத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறது.

ஆனால் ஹெர்க்கை ஹெர்க் ஆக்கியது பெரிய பெட்டிகளோ ரகசிய ரெக்கார்டுகளோ இல்லை. அவர் ஓரமாக நின்று ஆடுபவர்களைக் கவனித்தார். ஒரு பாட்டு முழுவதற்கும் எல்லோரும் ஒரே மாதிரி ஆடவில்லை. நன்றாக ஆடத் தெரிந்த சிலர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். பாடகர் நிறுத்தி, மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகள் வருமில்லையா, அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அது வந்ததும் பாய்ந்து ஆடினார்கள். முடிந்ததும் மறுபடி ஓரம். ஹெர்க் என்ன செய்தார்? ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதே இடத்தில் ஊசியை வைத்தார். முதல் தட்டில் மறுபடி தொடக்கத்துக்குப் போனார். சில நொடிகள் பல நிமிடங்களாக நீண்டன. அதற்கு அவர் வைத்த பெயர் மெரி-கோ-ரவுண்ட். நம் பொருட்காட்சியில் சுற்றுமே, அதே குடை ராட்டினம்தான்.

கண்ணால் பார்த்துத்தான் ஊசியை இறக்கினார். தாளம் சில சமயம் தடுக்கியது. அதைச் சரிசெய்யப் புறப்பட்டவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பார்படோஸில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்து, தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையன். மேளம் தொடங்கும் இடத்தைத் தட்டிலேயே கிரேயானால் கோடு போட்டு வைத்தார். அடுத்த தட்டைக் கூட்டத்துக்கு முன்னால் தான் மட்டும் கேட்கும்படி ஹெட்போனுக்கு வழி செய்தார். தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் அடியில் இருக்கும் உலோகச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நடுவில் ஏதாவது வழுக்க வேண்டும். கனமான ரப்பர் விரிப்பு உதவாது. ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டினார். அது தொளதொளவென்று இருந்ததால் கஞ்சி போட்டு விறைப்பாக்கினார்.

ஆமாம், கஞ்சிதான். 2004-இல் சென்னையில் ஒரு ஹோட்டல் டிஸ்கோதேவில் சிடி பிளேயர்கள் வந்த பிறகு மூலையில் கிடந்த இரண்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே 2 டர்ன்டேபிள்களை, அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவிகளை, நான் வாங்கினேன். அங்கே லைட் ஆபரேட்டருக்கு உதவியாளாக இருந்துதான் இந்த வேலைக்குள் வந்தேன். இரண்டும் சேர்த்து 45,000 ரூபாய், நான்கு தவணை. சக்கரம் நன்றாகச் சுற்றியது, வழுக்கும் விரிப்பு மட்டும் இல்லை. தையல் கடையில் ஃபெல்ட் துணி வாங்கி வந்தேன். அம்மா சாதம் வடித்த கஞ்சியில் முக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஃபிளாஷ் செய்ததை நான் படித்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அம்மாவிடம் சொன்னேன். "துணி விறைப்பா இருக்கணும்னா வேற என்னத்தப் போடுவாக?" என்றார்.

அந்த டர்ன்டேபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்எல்-1200 1972-இல் வந்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில், வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்தது. பெல்ட் கிடையாது, மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும். அதனால் கையால் பிடித்தாலும் இழுத்தாலும் தேயவோ அறுந்துபோகவோ ஒன்றும் இல்லை, விட்டதும் நொடியில் பழைய வேகத்துக்கு வந்துவிடும். டிஜேக்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 1979-இல் வந்த எம்கே 2-இல் வேகத்தை 8 சதவீதம்வரை கூட்டவும் குறைக்கவும் வலப்பக்கம் ஒரு நீளமான நழுவு விசை. சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் சிறிய சிவப்பு விளக்கு. வேகம் சரியாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். சுற்றுகிற பொருள் நிற்பதுபோலத் தெரிவதை நள்ளிரவில் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 2010-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். செய்தி தெரிந்த அன்று இரண்டையும் துடைத்து எண்ணெய் விட்டுத் துணி போர்த்தி வைத்தேன். 2016-இல் மறுபடி செய்யத் தொடங்கினார்கள். விலையைப் பார்த்தேன், என்னுடையதே போதும் என்று இருந்துவிட்டேன்.

சரி, கவனிப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஹெர்க் மட்டுமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் பக்கத்தில் ஃபயர் ஐலண்ட் என்ற கடற்கரைத் தீவுக்குப் போன டாம் மோல்டன் என்பவர் ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று நிமிடப் பாட்டு. ஆடுபவர்களுக்கு அப்போதுதான் சூடு பிடிக்கிறது. பாட்டு முடிகிறது; அடுத்தது சேராமல் தொடங்குகிறது; ஆட்கள் இறங்கிப் போகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டுகளை நீட்டினார். பிறகு அதுவே அவருடைய வேலையாயிற்று. ஒரு நாள் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோனதால் அவர் பாட்டைப் பெரிய தட்டில் வெட்டிக் கொடுத்தார்கள். தட்டில் ஒலிக்கோடுகள் அகலமாக விழுந்தன, ஒலி கனமாக வந்தது. டிஜேக்களின் 12 அங்குல சிங்கிள், ஒரு பாட்டுக்கே ஒரு பெரிய தட்டு, அப்படி வந்ததுதான்.

நான் இவர்கள் எல்லோரையும்விட நேசிப்பது டேவிட் மன்கூசோவை. 1970 காதலர் தினத்தன்று மன்ஹாட்டனில் தன் வீட்டிலேயே விருந்து தொடங்கியவர். அந்த இடத்துக்கு லாஃப்ட் என்று பெயர் வந்தது. அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். மது விற்கவில்லை. கூரையெல்லாம் பலூன். கறுப்பர், வெள்ளையர், லத்தீன் மக்கள், ஓரினச் சேர்க்கையாளர், எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். நல்ல ஒலிக்காகப் பணத்தைக் கொட்டினார். பின்னாளில், ஒரு தட்டின் பாட்டை அடுத்ததோடு கலக்கும் மிக்சரையே எடுத்துவிட்டார். ஒரு பாட்டை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை முழுக்கப் போடுவார், அது முடிந்து ஒரு நிசப்தம், அப்புறம் அடுத்தது. பாடியவர்கள் எப்படி முடித்தார்களோ அப்படியே கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தன்னை டிஜே என்று சொல்வதைக்கூட அவர் விரும்பவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு மாமாவின் முகம்தான் தெரிந்தது. மாமா மிக்சரையே பார்த்ததில்லை. அவரும் ஒரு பாட்டை வெட்டியதில்லை, கெட்டிமேளத்துக்குத் தவிர.

அந்தக் காலத்தில் டிஜே உட்காரும் இடம் ஒரு ஓரத்துக் கூண்டு. பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது. அவருக்கு எல்லோரையும் தெரியும். தொண்ணூறுகளில் இது தலைகீழாயிற்று. டிஜே மேடைக்கு ஏறினார், பெயர் போஸ்டரில் பெரிதாக வந்தது, கூட்டம் ஆடுவதை விட்டுவிட்டு அவரை நோக்கித் திரும்பி நின்றது. 2001-இல் பயனியர் சிடிஜே-1000 என்ற சிடி பிளேயர் வந்ததும் சிடியையும் இசைத்தட்டுபோலக் கையால் சுழற்ற முடிந்தது. 2004-இல் செராட்டோ ஸ்க்ராட்ச் லைவ் என்ற மென்பொருள் வந்தது. தட்டு சுற்றும், பாட்டு லேப்டாப்பிலிருந்து வரும். நான் அதைக் கொண்டாடினேன், இப்போதும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பெட்டி இசைத்தட்டைத் தூக்கி என் இடுப்பு போயிருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் என் கண் கூட்டத்திலிருந்து திரைக்குப் போனது. பாட்டின் அலை நீலமும் சிவப்புமாக ஓடுகிறது. எப்படிப் பார்க்காமல் இருப்பது?

எங்கள் பாட்டுகளுக்கு அந்தத் திரை பாதிதான் உதவும் என்பது அப்புறம்தான் புரிந்தது. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசித்தவை. மனிதக் கை வாசித்த தாளம், பல்லவியில் ஒரு வேகம், சரணம் வரும்போது மயிரிழை கூடியிருக்கும். மென்பொருள் ஒரே வேகம் என்று கோடு போட்டுவிடும். இரண்டு நிமிடத்தில் தடம் புரளும். இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகவே ஒன்றாக்கும் சிங்க் பட்டனை நம்பி அப்படிப்பட்ட ஒரு பாட்டை இன்றைய பாட்டோடு சேர்த்தால் மாட்டு வண்டியும் பஸ்ஸும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல இருக்கும். ஒரு விரலை வேக விசையிலேயே வைத்துக்கொண்டு, காதால் கேட்டுக் கேட்டு, இழுத்தும் விட்டும் போக வேண்டும். தபேலாவின் முத்தாய்ப்பு எங்கே விழும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதில்தான் சுகம்.

எங்கள் பக்கத்தில் இப்போது "டிஜே வச்சிருக்காகளா?" என்று கேட்டால் ஆளைக் கேட்கவில்லை. பெட்டியையும் லைட்டையும் கேட்கிறார்கள். லாரி மேல் அடுக்கிய சப் பெட்டிகள், சுற்றும் விளக்குகள், அதுதான் டிஜே. ஜமைக்காவில் இந்தச் சொல்லுக்கு வேறு கதை: அங்கே மைக் பிடித்துப் பேசுபவர்தான் டீஜே, தட்டைத் தேர்ந்து போடுபவர் செலக்டர். செலக்டர். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. மாமா செய்த வேலைக்கு அதைவிடச் சரியான பெயர் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய கல்யாண ரிசப்ஷன். ஏற்பாட்டு நிறுவனம் ஒரு வாரம் முன்பே 40 நிமிட ஒலிக்கோப்பு அனுப்பியது. பாட்டெல்லாம் ஏற்கெனவே ஒட்டித் தைத்தது. இந்த நொடியில் புகை, இந்த நொடியில் பூவாணம், இந்த நொடியில் மாப்பிள்ளை நுழைவு. என் வேலை பட்டனை அழுத்துவது, அப்புறம் கையை ஆட்டிக்கொண்டே நிற்பது, வீடியோவுக்காக. பன்னிரண்டாவது நிமிடத்தில் பெண்ணின் பாட்டி, எண்பது வயது இருக்கும், நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு பேத்திகள் கையைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினார். பழைய பாட்டு ஒன்றின் துண்டு. இருபது நொடி. மண்டபமே அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. பாட்டு அறுந்து அடுத்ததற்குப் போயிற்று. பாட்டி அப்படியே நின்றார். ஒரு கை இன்னும் மேலே தூக்கியபடி இருந்தது. அடுத்து என்ன என்பதுபோல என் பக்கம் பார்த்தார். என்னிடம் அந்தப் பாட்டு முழுசாக இருந்தது. லேப்டாப்பில், விரல் தொடும் தூரத்தில். நான் போடவில்லை, பூவாணம் அடுத்த நொடியில் வெடிக்க வேண்டியிருந்தது. பாட்டி மெதுவாகப் போய் உட்கார்ந்தார்.

அதன்பிறகு ஒட்டித் தைத்த கோப்பு அனுப்புகிறவர்களின் வேலையை ஏற்பதில்லை. பட்டியல் அனுப்புங்கள், வேண்டாத பாட்டைச் சொல்லுங்கள், எந்தப் பாட்டு எப்போது என்பதை அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்கிறேன். சில வேலைகள் போயின. பரவாயில்லை.

மாமாவின் குழாய்கள் போய்ப் பல காலம் ஆகிறது. கேசட் வந்தது, அப்புறம் கூம்புக் குழாய்க்குத் தடை வந்தது, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-இல் வந்தது. அந்த விதி நல்லதுதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் உடம்பு முடியாதவரும் இருக்கிற தெரு. 9.55-க்கு என்ன பாட்டு என்பது இப்போது என் தொழிலின் மிகக் கடினமான கேள்வி. ஆட்களை உச்சத்தில் விட்டுவிட்டு அணைக்கக் கூடாது. மூன்று பாட்டு முன்பிருந்தே இறக்கிக் கொண்டுவர வேண்டும், குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி.

இப்போது என்னிடம் ஒரு பெண் வேலை கற்றுக்கொள்கிறாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. லேப்டாப்போடு இணைத்துப் பாட்டுப் போடும் சின்ன கன்ட்ரோலர் சொந்தமாக வைத்திருக்கிறாள், கை வேகம் என்னைவிட இரண்டு மடங்கு. முதல் மாதம் அவள் லேப்டாப் திரையின் மேல்பாதியில் அட்டையை வைத்து டேப்பால் ஒட்டிவிட்டேன். பாட்டின் பெயர் மட்டும் தெரியும், அலை தெரியாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன ஞாயிறு திருமங்கலத்தில் ஒரு வளைகாப்பு. சின்ன மண்டபம், அறுபது எழுபது பேர். சாப்பாட்டுக்குப் பிறகு அவளை நிற்கவைத்துவிட்டு நான் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த பாட்டு தயாராக இருந்தது, வேகமானது, ஒரு காதில் ஹெட்போனை வைத்துச் சேர்த்தும்விட்டாள். பாட்டை மாற்றும் நழுவு விசையான ஃபேடரில் விரல். ஆனால் நகர்த்தவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

திரும்பாமலே சொன்னாள். "அண்ணே, அந்தப் பச்சைச் சேலை அக்கா இப்பத்தான் பிள்ளையத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே ஆட ஆரம்பிச்சிருக்காக. இந்தப் பாட்டு முடியட்டும்ண்ணே."